பிள்ளை எந்தப் பாடம் எடுக்கட்டும்?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கில் இருவகைக் கூட்டம் கூடும். மாலைதோறும் மாதா வணக்கத்திற்கு வருவோர் ஒரு சாரார். மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி நமது இல்லத்து வாயிலில் காத்து நிற்போர் மற்றொரு சாரார். முதற் கூட்டம் சற்றுக் குறைந்து வருகிறது. இரண்டாவது கூட்டமோ ஆண்டுக்காண்டு பெருகுகிறது.

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் திருப்பலி முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தோம். சேலையூர் காம்ப் ரோடு பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய், மகனை முன்னே தள்ளியவாறு நின்றுகொண்டிருந்தார். கணவரை இழந்தவர், ஆயா வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைப்பவர். பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான்.

"சாமி, இவன் கணக்குப்பதிவியல் குருப்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்" என்றார்.

"தம்பி, நீ ஏன் அதை விரும்புகிறாய்?" என்று வினவினோம்.

விடுமுறை நாட்களில் மாமாவின் மளிகைக் கடையில் அமர்ந்து வரவுசெலவு எழுதுவானாம். சரக்கு வந்த கணக்கும் விற்ற கணக்கும் ஒத்துவராத போது, எங்கே தவறு என்று தேடிக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஒரு மகிழ்ச்சியாம். தரையைப் பார்த்துக்கொண்டே இதனைச் சொல்லி முடித்தான்.

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "கடைக் கணக்கு எழுதறதுக்கா சாமி நான் இந்தப் பாடுபடறேன்? எதிர் வீட்டுப் பையன் முதல் குருப் எடுத்து, இப்ப பழைய மகாபலிபுரம் ரோட்டுல கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போறான்."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சனிக்கிழமை வாருங்கள், பேசுவோம் என்று அனுப்பிவைத்தோம். உடனே தீர்ப்புச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணிபுரிந்தபோது, ஒரு தந்தை இவ்வாறே தம் மகளோடு வந்தார். கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் சேருங்கள், எதிர்காலம் அதில்தான் என்று நாம் அடித்துச் சொன்னோம். குருவானவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்தக் குடும்பம் மறுபேச்சுப் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண், செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். சிறு வயது முதலே அவளுக்கு அந்த ஆவல் இருந்திருக்கிறது. நாம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் படித்திருக்க வேண்டும். அவளது மதிப்பெண் பட்டியலில் உயிரியல் இல்லை. கதவு மூடியாயிற்று. ஓராண்டு வீட்டிலிருந்து, பின்னர் வணிகவியல் பயின்று, இன்று ஒரு அலுவலகத்தில் பணிபுரிகிறாள். எங்கே கண்டாலும் அன்போடு நலம் விசாரிக்கிறாள். நமக்குத்தான் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது.

பாடத்தைத் தெரிவு செய்வது என்பது பழங்காலத்தில் இவ்வளவு இளவயதில் வந்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும். கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறாமற் போனதும், மற்றப் பாடங்களில் மனம் செல்லாத காரணத்தினாலேயே. அந்த முறையில் அவர் போன்றோருக்கு இடமில்லை. பிற்காலத்தில் இன்டர்மீடியட் வந்தது, அதன்பின் பி.யு.சி. வந்தது. பள்ளியில் பதினொரு ஆண்டுகள் படித்து முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் பிரிவைப் பற்றிய பேச்சே எழும். 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980-இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. அன்று முதல், பதினைந்து வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வாழ்க்கையின் பாதையைப் பிரித்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. மீசை அரும்பாத பிள்ளையிடம் "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்கிறோம். ஐம்பதைக் கடந்த நாமே அவ்வினாவுக்குச் சில நாட்களில் தடுமாறுகிறோம்!

குருமடத்தில் நமக்கு இத்தொல்லை இருந்ததில்லை. மெய்யியல் என்றால் எல்லாரும் மெய்யியல். இறையியல் என்றால் எல்லாரும் இறையியல். மணி அடிக்கும், வகுப்புக்குப் போவோம்.

நமது ஊருக்கு அருகிலேயே இது குறித்துச் சிந்திக்க நல்ல உதாரணங்கள் உள்ளன. கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்து நிற்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அறியாதார் யார்? அக்கல்லூரியின் விடுதிகளுள் ஒன்றுக்குச் சேலையூர் என்பதே பெயர். 1937-இல் தாம்பரத்திற்கு வருமுன் அது சென்னைப் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கேதான் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பயின்றார். அவர் ஏன் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்தார் தெரியுமா? ஆழ்ந்த யோசனை ஒன்றுமில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடப்புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். வீட்டில் பணமுடை. புத்தகம் இலவசமாகக் கிடைத்ததால் பாடமும் முடிவாயிற்று. அவ்வாறு தற்செயலாய்த் தத்துவ வகுப்பில் நுழைந்த இளைஞர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், 1962-இல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். ஆயினும் இதைக் கேட்டுவிட்டு, எந்தப் புத்தகம் மலிவாய்க் கிடைக்கிறதோ அதை எடுக்கட்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வறுமை அவருக்குப் பாடத்தைத் தெரிவு செய்து கொடுத்தது. அப்பாடத்தில் ஊன்றிப் படித்தவர் அவரே.

அதே வளாகத்தின் மரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. புதர்க்காடாய்க் கிடந்த நிலத்தில் மரங்களை நட்டு வளர்ப்பதில் பெரும்பங்கு கொண்டவர் எட்வர்டு பார்ன்ஸ். அவர் கற்பித்தது வேதியியல். செடிகொடிகளை ஆய்வதும் வளர்ப்பதும் அவர் தாமே விரும்பி மேற்கொண்டவை. தாவரவியல் பட்டம் இல்லையே என்று அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடவில்லை.

தாம்பரத்திலிருந்து இரண்டு நிலையம் தள்ளிக் குரோம்பேட்டைக்குச் செல்வோம். அங்கே 1949-இல் சி. இராஜம் என்னும் கொடையாளர் நிறுவிய எம்.ஐ.டி. எனப்படும் சென்னைத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. டாக்டர் அப்துல் கலாம் திருச்சியில் நம் சேசு சபைக் குருக்கள் நடத்தும் தூய வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட்டும், பின்பு இயற்பியலில் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றவர். பட்டம் பெற்ற பிறகே, இயற்பியல் தமக்குரிய பாடமன்று, பொறியியலே வேண்டும் என்பதை உணர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். இன்டர்மீடியட் முடிந்ததுமே பொறியியலுக்குப் போயிருக்கலாம். அப்படி ஒரு வழி உண்டென்றே அப்போது அவருக்குத் தெரியாது. இராமேசுவரத்துப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்?

எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அது 1950-களின் நடுப்பகுதி. ஆயிரம் ரூபாய் என்பது தந்தையால் புரட்ட இயலாத தொகை. அவருடைய சகோதரி சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களைக் கண்டு மனம் ஈர்க்கப்பட்டு, விமானப் பொறியியலைத் தெரிவு செய்தார் கலாம். பின்னர் விமானப் படையில் விமானியாக விரும்பித் தேர்வுக்குச் சென்றபோது எட்டு இடங்களுக்கு அவர் ஒன்பதாவதாக வந்தார். தாம்பரம் விமானப் படைத் தளத்தின் விமானங்கள் நம் வீட்டுக் கூரைகளுக்கு மேலே பறக்கும்போதெல்லாம் அந்த ஒன்பதாம் இடம் நமக்கு நினைவுக்கு வரும்.

கலாமுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, எம்.ஐ.டி. அந்நாளில் பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே தவறிய வழியைப் பட்டம் பெற்ற பின்னரும் பிடிக்க முடிந்தது. இன்று எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குத் தரவரிசை கணக்கிடுகிறார்கள். மருத்துவத்திற்கு நீட் தேர்வு. அதற்கு உயிரியல் வேண்டும். உயிரியல் படிக்காதவர் அதனைக் கூடுதல் பாடமாகப் பின்னர் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அந்தச் சுற்றுவழி இருக்கிறது, ஆனால் அது நெடுவழி. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் அடங்கிய முதல் பிரிவு இரு கதவுகளையும் திறந்து வைக்கிறது என்பது மெய்யே. அந்த நான்கையும் சுமக்கப் பிள்ளைக்குத் தோள் வேண்டும் என்பதும் மெய்யே. கணிதத்தில் தள்ளாடும் பிள்ளையை அதில் திணித்து, மாலையில் ஒரு டியூஷன், இரவில் ஒரு டியூஷன் என்று அலையவிடும் வீடுகளை நாம் நிறையக் காண்கிறோம்.

இனி, வணிகவியல் பிரிவும் வரலாற்றுப் பிரிவும் மதிப்பெண் குறைந்தோர்க்கு என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. சட்டப் படிப்புக்கு எப்பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை பிளஸ் டூ முடித்த எவரும் எழுதலாம். ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணிகளுக்கும், மாநிலத் தொகுதி ஒன்றுத் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து பட்டயம் பெற்றவர், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு. பிளஸ் டூவில் முட்டி மோதுவதை விட, கைத்தொழில் நாட்டமுள்ள பையனுக்கு இதுவே உகந்த வழி என்பது நம் கருத்து.

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேஜர் என்ன என்று கேட்கிற அளவுக்கு யாரும் அலைடு என்ன என்று கேட்பதில்லை. நம் கல்லூரிகளில் மொழிப்பாடம் முதற்பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி. முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் மூன்றாம் பகுதியில் சேர்ந்தே வரும். அதற்கு அப்பால் வேற்றுத்துறை விருப்பப் பாடம் ஒன்றையும் எடுக்க வேண்டியுள்ளது. கணிதம் படிப்பவள் துணைப்பாடமாக இயற்பியலைக் கற்கிறாளா, புள்ளியியலைக் கற்கிறாளா என்பது பிற்பாடு முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது பேசும். விருப்பப் பாடத்தையோ, எந்த ஆசிரியர் மதிப்பெண்ணைத் தாராளமாய்ப் போடுவார் என்று விசாரித்து எடுக்கிறார்கள். இளைஞர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், யாரும் மறுக்கவில்லை.

ஆசிரியப் பணியை நாடும் குடும்பங்கள் நம் பங்குகளில் அதிகம். அவர்கள் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இளங்கலையில் எடுத்த முதன்மைப் பாடத்தை வைத்தே பி.எட். சேர்க்கையும், பள்ளியில் எப்பாடம் கற்பிக்கலாம் என்பதும் அமைகின்றன. சில கல்லூரிகள் பாடங்களுக்குப் புதுப்புதுப் பெயர்களைச் சூட்டுகின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான், அப்பட்டம் இன்ன பட்டத்திற்கு இணையானது என்று அரசாணை உண்டா என்ற வினா எழுகிறது. மூன்றாண்டு படித்து முடித்த பிறகு தேடுவதை விட, சேரும் முன்பே கேட்பது எளிது. அவ்வாறே, ஒரே பாடத்திற்கு அரசு உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணமும் சுயநிதிப் பிரிவில் வேறொரு கட்டணமும் இருக்கும். விண்ணப்பத்தில் எதனைக் குறிக்கிறோம் என்று பார்த்துக் குறிக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க, பெண்களுக்கு 2022-இலும் ஆண்களுக்கு 2024-இலும் தமிழக அரசு திட்டங்களைத் தொடங்கியது. தகுதியுள்ளவர்களே கேட்காமல் விட்டுவிடுவதையும் கண்டிருக்கிறோம்.

சனிக்கிழமை அந்தத் தாயும் மகனும் வந்தார்கள். இம்முறை நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் பங்கைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். அவர் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு சிறு கடையின் பற்று வரவை எழுதச் சொன்னார். அவன் எழுதிக்கொண்டிருந்த கால் மணி நேரமும் தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் ஆசிரியை தாளை வாங்கிப் பார்த்து, "வேணும்னே ஒரு தொகையைத் தப்பாக் கொடுத்தேன். அதையும் கண்டுபிடிச்சிருக்கான்மா" என்றார். வணிகவியலோடு வணிகக் கணிதமும் உள்ள பிரிவாகப் பார்த்துச் சேர்த்தால் பின்னால் வழி குறுகாது என்றும் விளக்கினார். தாய் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவங்க அப்பாவும் இப்படித்தான், பஸ்ல டிக்கெட் கொடுத்தாக்கூட மீதிச் சில்லறையை எண்ணிப் பாக்காம இறங்க மாட்டாரு" என்றார்.

ஜூன் மாதம் அப்பிரிவிலேயே பையன் சேர்ந்தான். ஞாயிறு தோறும் திருப்பலி முடிந்தபின் அத்தாய் நம்மிடம் வந்து, "சாமி, தப்புப் பண்ணிட்டோமோ?" என்று கேட்காமல் போவதில்லை. இல்லை என்று உறுதிகூற நமக்குத் துணிவில்லை. காலாண்டு மதிப்பெண் வரட்டும், பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.