"நல்லாத்தானே ஓடுது!" என்று இருந்து விடாதீர்கள்
கார் எஞ்சினை நாசமாக்கும் 'டைமிங் பெல்ட்'

முதலியார்பேட்டை:-

"மெக்கானிக் அண்ணே, வண்டி நல்லாத்தானே ஓடுது? பெல்ட்டை எதுக்கு இப்போ மாத்தணும்?"

கார் வைத்திருக்கும் பலர் ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் கேள்வி இது. "அடுத்த சர்வீசில் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். கடலூர் ரோட்டில் வண்டி பொசுக்கென்று நின்ற பிறகு தலையில் கை வைப்பார்கள்.

அது என்ன பெல்ட்?

போனெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிறதே, அது பேன் பெல்ட். நாம் சொல்வது வேறு. பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். கீழே சுற்றும் கிராங்க் ஷாப்ட்டையும், வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட்டையும் இணைப்பது இதுதான்.

கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று. இந்தக் கணக்கு பிசகக் கூடாது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது!

அறுந்தால் என்ன ஆகும்?

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு பெல்ட் புதிதல்ல. 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏ.எப்.டி. மில் இருந்த ஊர் இது. மெஷினில் பெல்ட் அறுந்தால் மெஷின் நிற்கும். மாற்றினால் ஓடும். அதோடு சரி.

கார் எஞ்சின் அப்படி அல்ல. பெல்ட் அறுந்ததும் கேம் ஷாப்ட் நின்று விடும். ஆனால் பிஸ்டன் ஓடிய வேகத்தில் மேலே வரும். திறந்தபடி நிற்கும் வால்வில் 'டமார்' என்று இடிக்கும். வால்வு வளையும். சில நேரம் பிஸ்டனும் உடையும். எஞ்சின் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். பெல்ட் மாற்றும் செலவைப் போல பல மடங்கு பழுத்து விடும். சில எஞ்சின்களில் மட்டும் பிஸ்டன் இடிக்காது. வண்டி நிற்பதோடு தப்பிக்கலாம்.

முன்பு இல்லையே?

அம்பாசிடரிலும் பத்மினியிலும் இருந்தது இரும்புச் செயின். செயினும் தேயும். ஆனால் பெரும்பாலும் 'கடகட' என்று சத்தம் போட்டு எச்சரித்து விடும். ரப்பர் பெல்ட் பல நேரம் சத்தமே இல்லாமல் அறுந்து போகும்.

பெருமளவில் தயாரித்து விற்ற காரில் பல் வைத்த பெல்ட்டை முதலில் கொண்டு வந்தது ஜெர்மனியின் 'கிளாஸ்' கம்பெனி. நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே 1962-ம் ஆண்டு அது! நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பெல்ட் எஞ்சினை வீதி தோறும் ஓட வைத்தது. பிறகு சான்ட்ரோ, இண்டிகா டீசல் என்று வரிசையாக வந்தன. இப்போது வரும் பல கார்களில் மீண்டும் செயின்தான். உங்கள் வண்டியில் எது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

எப்போது மாற்றணும்?

பழைய வண்டிகள் பலவற்றுக்கு 60,000 முதல் 1 லட்சம் கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். வண்டிக்கு வண்டி வித்தியாசப்படும். காரோடு வந்த புத்தகத்தில் கிலோ மீட்டர், வருஷம் இரண்டும் இருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஊருக்குள் தினம் 10 கிலோ மீட்டர் ஓட்டினால் வருஷத்துக்கு 3,650. அறுபதாயிரம் வர 16 வருஷம் ஆகும். அதுவரை ரப்பர் தாங்குமா? வெயிலும் எஞ்சின் சூடும் அதை வெடிக்க வைத்து விடும். நெரிசலில் நிற்கும்போது மீட்டர் ஓடாது. பெல்ட் ஓடிக் கொண்டுதான் இருக்கும்!

கவனிக்க வேண்டியவை

* செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினீர்களா? பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மீட்டரை நம்ப வேண்டாம். முதல் வேலையாக பெல்ட்டை மாற்றுங்கள்.

* பெல்ட்டோடு டென்ஷனர், பேரிங்கையும் மாற்றுங்கள். இந்தப் பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப் ஓடினால் அதையும் சேர்த்துப் பாருங்கள். பின்னால் அது மட்டும் கெட்டாலும் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கூலி இரண்டு தடவை.

* ஆயில் கசிவை விட்டு வைக்காதீர்கள். ஆயில் பட்டால் சாதாரண பெல்ட் ஊறிக் கெடும். சில புது எஞ்சின்களில் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் இருக்கிறது. அதற்குச் சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

* ஓடும்போது அறுந்தால் ஸ்டீரிங் கனக்கும், பிரேக் இறுகும். பதறாமல் ஓரம் கட்டுங்கள். மறுபடி சாவியைத் திருகாதீர்கள். ஆளைக் கூப்பிட்டுத் தள்ளு ஸ்டார்ட்டும் வேண்டாம். தப்பித்த வால்வும் வளைந்து போகும்!

பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோ மீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி போனெட்டுக்குள் ஒட்டி வையுங்கள். ராத்திரி நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில், குடும்பத்தோடு நடுவழியில் நிற்காமல் இருக்க அந்தச் சீட்டு போதும்.