முடிவு தெரிந்த கதையிலும் மூச்சுப் பிடிக்க வைக்கலாம்! த்ரில்லர் நாவல் எழுதக் கற்றுத் தரும் 'ஜாக்கல்'

"ஐயோ, கிளைமாக்ஸைச் சொல்லிட்டியே!" என்று தம்பியையோ தங்கையையோ திட்டாதவர்கள் நம்மில் யாராவது உண்டா? த்ரில்லர் என்றாலே முடிவுதான் எல்லாம், அது தெரிந்துவிட்டால் கதை காலி என்றுதான் நினைக்கிறோம். ஆனால், முடிவு என்ன என்பது உலகத்துக்கே தெரிந்திருந்தும், 50 ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்துவரும் ஒரு நாவல் இருக்கிறது. ஃப்ரெடரிக் ஃபோர்சித் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'.

பிரான்ஸ் அதிபர் சார்லஸ் டி கோலைக் கொல்ல, பெயர் தெரியாத ஒரு கூலிக் கொலைகாரன் அமர்த்தப்படுகிறான். கதை நடப்பது 1963-ல். டி கோல் கொல்லப்படவில்லை. 1970 நவம்பரில் தன் வீட்டில்தான் இறந்தார். ஆக, திட்டம் தோற்கும் என்பது புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே தெரியும். அப்புறம் எதற்காகப் படிக்கிறோம்? த்ரில்லர் எழுத ஆசைப்படும் யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

35 நாள்களில் ஒரு நாவல்

ஃபோர்சித் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர். 1962-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காகப் பாரிஸில் வேலை பார்த்தார். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காக டி கோல் மீது கொலைவெறியில் இருந்த ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பைப் பற்றிச் செய்தி சேகரித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி டி கோலின் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். தாக்குதலை நடத்திய பாஸ்தியன் திரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மரண தண்டனைக் காட்சியில்தான் நாவல் தொடங்குகிறது.

பிறகு நைஜீரியாவின் பயாஃப்ரா போரைப் பற்றி எழுதப் போன ஃபோர்சித், கையில் காசில்லாமல், வேலையும் இல்லாமல் லண்டன் திரும்பினார். 1970 ஜனவரியில் நண்பர் வீட்டில் தங்கிக்கொண்டு, தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். 35 நாள்களில் நாவல் முடிந்தது.

அடுத்து நடந்தது எழுத்தாளர்கள் பலருக்கும் பழக்கமான கதைதான். பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. அப்போது டி கோல் உயிரோடுதான் இருந்தார். சாகாத மனிதரைக் கொல்லும் சதியில் என்ன விறுவிறுப்பு என்பது அவர்களின் சந்தேகம். ஃபோர்சித் நாவலை மாற்றவில்லை. அதை அறிமுகப்படுத்தும் விதத்தை மாற்றினார். கொலை நடந்ததா என்பது கதையே இல்லை. திட்டம் எப்படி உருவானது, அதை எப்படித் துரத்தினார்கள் என்பதுதான் கதை என்று சில பக்கங்களில் சுருக்கம் எழுதிக் கொடுத்தார். ஹட்சின்சன் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. 1971-ல் வெளியான நாவல், அடுத்த ஆண்டே எட்கர் விருது வென்றது. 1973-ல் திரைப்படமானது.

வாசகருக்கு முதலில் சொல்லுங்கள்

திரைப்பட மேதை ஹிட்ச்காக் இதை ஓர் உதாரணத்தால் விளக்கியிருக்கிறார். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும், வெடிக்கப்போகும் நேரமும் பார்வையாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மேஜையில் நடக்கும் சாதாரண அரட்டைகூடப் பல நிமிடங்கள் பதைபதைக்க வைக்கும்.

இதையே நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். பாட்டி ரேஷன் கடையிலிருந்து திரும்புகிறார். கதவைத் திறந்ததும் உள்ளே திருடன்! படிப்பவர் ஒரு முறை திடுக்கிடுவார், அவ்வளவுதான். இப்போது மாற்றிப் பாருங்கள். திருடன் பூஜையறையில் ஒளிந்திருப்பது வாசகருக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. அவர் சர்க்கரையை டப்பாவில் கொட்டுகிறார். தண்ணீர் குடிக்கிறார். மணியைப் பார்க்கிறார். விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கிறார். பாட்டி செய்தது எல்லாமே தினமும் செய்கிற வேலைதான். ஆனால், வாசகர் மனதுக்குள் "போகாதீங்க பாட்டி" என்று கத்திக்கொண்டிருப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. ஜாக்கல் என்ன செய்கிறான் என்பதை ஃபோர்சித் அடி அடியாகக் காட்டுவார். அவன் உண்மையில் யார் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லமாட்டார். எதைச் சொல்வது, எதைப் பூட்டி வைப்பது என்று முடிவெடுப்பதில்தான் எழுத்தாளரின் திறமை இருக்கிறது.

ரத்தம் வேண்டாம், ஒரு பழம் போதும்

பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழுந்தால்தான் த்ரில்லர் என்று நினைப்பவர்கள், ஜாக்கல் துப்பாக்கியைச் சோதிக்கும் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். ஒரு முலாம்பழத்தில் கண், மூக்கு, வாய் வரைகிறான். காட்டில் ஒரு மரத்தில் அதைத் தொங்கவிட்டு, தூரத்தில் போய் நின்று சுடுகிறான். குறியைச் சரிசெய்த பிறகு, கடைசியில் வெடிக்கும் தோட்டாவைப் போடுகிறான். பழம் சிதறிப்போகிறது. அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால், அடுத்து அந்தத் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். மீதியை நம் கற்பனையே பார்த்துக்கொள்ளும்.

தகவல்களை ஃபோர்சித் ஒரு நிருபரைப் போலத் தேடினார். இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்து ஜாக்கல் பாஸ்போர்ட் வாங்கும் பகுதி, அன்றைய பிரிட்டனில் நிஜமாகவே இருந்த ஓட்டையைக் காட்டியது. அந்த வகை மோசடிக்கே அங்கு நாவலின் பெயர் ஒட்டிக்கொண்டது. தகவல் உண்மையாக இருந்தால், கற்பனையையும் வாசகர் நம்பிவிடுகிறார்.

நீங்கள் எழுதும் கதை தாலுகா அலுவலகத்தில் நடக்கிறதா? ஒரு நாள் முழுக்க அங்கே போய் உட்காருங்கள். எந்தக் கவுன்ட்டரில் கூட்டம், எத்தனை மணிக்கு டீ வருகிறது, பழைய கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். உங்கள் குற்றவாளி எந்த வழியாகத் தப்பிப்பான் என்பதற்கு அந்தக் கட்டடமே பதில் சொல்லும்.

துரத்துபவரும் முக்கியம்

ஜாக்கலைத் துரத்தும் கிளாட் லெபல், பறந்து பறந்து அடிக்கும் ஹீரோ இல்லை. கசங்கிய உடையும், வீட்டில் மனைவியின் திட்டுமாக வாழும் ஒரு சாதாரண போலீஸ் அதிகாரி. ஒரு பக்கம் ஜாக்கல் நெருங்குகிறான், இன்னொரு பக்கம் லெபல் நெருங்குகிறார். இரண்டு பேருக்கும் இடையில் உள்ள தூரம் குறையக் குறைய நாம் பக்கங்களை வேகமாகப் புரட்டுகிறோம்.

இந்த இரட்டைத் தண்டவாள உத்தி தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரின் கதைகளில் ஓர் அத்தியாயம் ஒரு பக்கமும், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறொரு பக்கமும் ஓடும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்ற கேள்வியே பேருந்துப் பயணம் முடிவதற்குள் புத்தகத்தை முடிக்க வைத்துவிடும். சுஜாதாவின் கணேஷ் - வசந்தை நினைத்துப் பாருங்கள். வழக்கு மறந்திருக்கலாம், வசந்தின் குறும்பு மறந்திருக்காது. ஆபத்தில் இருப்பவர் நமக்குப் பிடித்தவராக இருந்தால்தான் நமக்குப் பதற்றம் வரும்.

வாரப் பத்திரிகைத் தொடர்கள் நம் எழுத்தாளர்களுக்கு இன்னொன்றையும் பழக்கின. 'தொடரும்' என்ற சொல்லுக்கு முந்தைய வரி, வாசகரை ஏழு நாள் காத்திருக்க வைக்க வேண்டும். இன்று வெப் சீரிஸ் பார்க்கும்போது 'அடுத்த எபிசோடு' பட்டனை நம் விரல் தானாகத் தேடுவதும் அதே உத்தியால்தான்.

ஏமாற்றலாம், துரோகம் கூடாது

ஸ்பாய்லர் எச்சரிக்கை! நாவலைப் படிக்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

எல்லாத் தடைகளையும் தாண்டி வந்த ஜாக்கல், குறிபார்த்துச் சுடும் நொடியில் டி கோல் குனிகிறார். முன்னாள் வீரருக்குப் பதக்கம் அணிவித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்தும் பிரெஞ்சு வழக்கம் அது. தோட்டா தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அத்தனையும் கணக்குப் போட்ட ஓர் அந்நியன் கணக்கில் சேர்க்காதது அந்த ஒரு பழக்கம்தான். எங்கிருந்தோ ஒரு போலீஸ்காரர் குதித்துக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு அந்த மண்ணிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் வருகிறது.

கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டுவருவது, 'எல்லாம் கனவு' என்று முடிப்பது எல்லாம் வாசகருக்குச் செய்யும் துரோகம். துப்பு கண்முன்னாலேயே கிடந்திருக்க வேண்டும். படித்து முடித்தவர் "அட, இதைக் கவனிக்காம விட்டுட்டேனே!" என்று முன்பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

இன்று எழுதுபவர்களுக்குக் கூடுதல் சவால், செல்போனும் சிசிடிவியும். பழைய கதைகளில் பாதிப் பிரச்னை ஒரு போன் காலில் தீர்ந்துவிடும். 'சார்ஜ் போயிடுச்சு' என்று எத்தனை முறைதான் எழுதுவது? அதற்குப் பதில் அந்த செல்போனையே ஆபத்தாக மாற்றுங்கள். ஹீரோயின் எங்கே இருக்கிறாள் என்பதை அவள் அனுப்பிய லொகேஷனே வில்லனுக்குக் காட்டிக்கொடுக்கட்டும்.

ஃபோர்சித் 2025 ஜூனில், 86 வயதில் காலமானார். திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய முதல் நாவல் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் டைரியிலோ, போனின் நோட்ஸிலோ பாதியில் நிற்கும் ஒரு கதை இருந்தால், இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள். முடிவு என்ன என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பூஜையறையில் திருடன் இருப்பதை வாசகரிடம் எப்போது சொல்லப்போகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள்!