செயற்கை மூட்டும் சிறு புண்ணும்

தைப்பூசத்தை ஒட்டி, எடப்பாடியிலிருந்து அடியார்கள் காவடி சுமந்து பழனிக்கு நடந்தே செல்வது நெடுங்கால வழக்கம். நடைக்குப் பேர்போன அவ்வூரிலும் மூட்டுத் தேய்ந்து முடங்குவோர் உண்டு. அத்தகையோருக்கு இன்று அறுவை மருத்துவம் செயற்கை மூட்டை அளிக்கிறது. அதனைப் பெற்றவர்கள் மறக்கலாகாத ஓர் ஆபத்தைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

மூட்டினுள் கிருமி குடிபுகுவதே அவ்வாபத்து. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே இது நேர்கிறது; நேர்ந்துவிட்டாலோ துன்பம் பெரிது. காரணம் என்ன? உயிருள்ள எலும்பில் இரத்தம் ஓடுகிறது. அதிலுள்ள வெள்ளையணுக்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் இரத்த ஓட்டம் ஏது? அவற்றில் ஒட்டிய கிருமிகள், குளத்துப் படியில் பாசி படர்வதுபோல், வழவழப்பான படலம் ஒன்றை அமைத்து அதனுள் மறைந்துகொள்கின்றன. மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை.

கிருமி வரும் வழிகள் இரண்டு. ஒன்று, அறுவையின்போது நுழைவது. இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்று முறையைச் செம்மைப்படுத்திய ஜான் சார்ன்லி, 1960-களில் அறுவைக் கூடத்தின் காற்றையே வடிகட்டித் தூய்மை செய்தார். மருத்துவரின் உடையையும் திருத்தியமைத்தார். நூற்றுக்கு ஏழளவில் இருந்த கிருமித் தாக்கம், படிப்படியாக ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

மற்றொன்று, இரத்தத்தின் வழியே வருவது. சொத்தைப் பல், பாதவெடிப்பு, நெடுநடையில் எழுந்த கொப்புளம் ஆகியவற்றில் நுழையும் கிருமி, அறுவை நடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் மூட்டை அடையக்கூடும். நீரிழிவு உடையோருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றுவதால் புண் இருப்பதே தெரியாமற் போகலாம். அவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், பல் நோயைத் தீர்ப்பதும், புகைப்பதை விடுவதும் இன்றியமையாதவை.

தையலிட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, நலமாயிருந்த மூட்டு மீண்டும் வலித்து வீங்கினாலோ, அறுவை செய்த மருத்துவரை உடனே நாடுங்கள். கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உண்ணலாகாது. மூட்டு நீரைச் சோதிக்கும் முன்னர் மருந்து உட்சென்றால், எக்கிருமி என்று கண்டறிவது அரிதாகிவிடும்.

தொடக்கத்திலேயே வந்தால், மூட்டைத் திறந்து கழுவிக் காப்பாற்றிவிட இயலும். காலம் தாழ்த்தினால், பொருத்திய மூட்டை அகற்றி, மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் அறுவை செய்ய நேரும். சிலருக்கு அதன் பின்னும் பழைய நடை திரும்புவதில்லை. ஆதலின், சிறு புண்தானே என்று எண்ணி வாளாவிருக்க வேண்டாம்.