கட்கியின் மண் திடல்: சிறு குழுக்களில் வளரும் ஹாக்கி

புனேத் தமிழர்களில் உலகம் அறிந்த விளையாட்டு வீரர் யார் என்று கேட்டால், குழந்தை கூடத் தன்ராஜ் பிள்ளை என்று சொல்லிவிடும். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை எப்படி விளைந்தது, அதே நிலத்தில் இன்னொரு முறை விளையுமா என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை. நான் ஒரு வியாபாரி. ஒரு சரக்கு நன்றாக விற்றால் அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று விசாரிப்பது எங்கள் பழக்கம். அந்தக் கண்ணோடு இந்த விஷயத்தை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

வளைதடி நமக்குப் புதிதல்ல

ஹாக்கியைத் தமிழில் வளைதடிப் பந்தாட்டம் என்கிறோம். நுனி வளைந்த கோல் தமிழனுக்கு அந்நியமானதல்ல. ஐயனார் கையில் இருக்கும் செண்டு அப்படிப்பட்ட கோல்தான். குதிரைகளைப் பழக்கும் திறந்த இடத்துக்குப் பழந்தமிழில் செண்டுவெளி என்றே பெயர். ஹாக்கி அங்கிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய ஹாக்கி இங்கிலாந்தில் விதி வகுக்கப்பட்டு, ராணுவத்தோடு இந்தியாவுக்கு வந்தது. கோலும் வேண்டும், வெளியும் வேண்டும் என்ற அந்தப் பழைய சொல்லின் கணக்கு மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது.

கட்கி தந்த நிலம்

கிர்க்கி என்று வெள்ளைக்காரர் எழுதிய கட்கியில் 1817ல் பேஷ்வா படைக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்தது. பிறகு அது ராணுவக் குடியிருப்பானது. 1869ல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த நம்மவர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். ராணுவம் இருக்கும் ஊரில் திடல் இருக்கும். திடல் இருந்தால் மாலையில் பிள்ளைங்க இருப்பாங்க.

அப்படி ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில்தான் 1968 ஜூலை 16ல் பிறந்த தன்ராஜ் வளர்ந்தார். தந்தை நாகலிங்கம் பிள்ளை திடலைப் பராமரிக்கும் ஊழியர். தாயார் ஆண்டாளம்மா. வறுமையிலும் மகன்களை விளையாட விட்டவர் என்று தாயாரைத் தன்ராஜ் எப்போதும் நினைவுகூர்வார். உடைந்த மட்டை, பிறர் கழித்துப் போட்ட பந்து, சேறும் சகதியுமான தரை. அண்ணன்மாரும் நண்பர்களுமே உடன் ஆடினார்கள். முகமது ஷாஹித் ஆடும் பாணியைப் பார்த்து அப்படியே ஆட முயன்றாராம்.

1980களின் நடுவில் அண்ணன் ரமேஷ் பிள்ளையிடம் மும்பைக்குப் போனார். ரமேஷ் அங்கே ஆர்.சி.எப். உர நிறுவன அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்கும் ஆடியவர். பிறகு தன்ராஜ் மகிந்திரா அணியில் சேர்ந்து, ஜோக்கிம் கர்வாலோவிடம் பயிற்சி பெற்றார். 1989ல் இந்திய அணி. அதன்பின் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998ல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய விக்ரம் பிள்ளையும் இதே கட்கிப் பிள்ளைதான். ஆக, ஒருவரோடு நின்றுவிட்ட அதிர்ஷ்டம் அல்ல இது.

நான்கு படிகள்

இந்த வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு படிகள் தெரிகின்றன. முதலாவது, நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல். இரண்டாவது, கையைப் பிடித்துச் சொல்லித் தரும் மூத்த பிள்ளை. மூன்றாவது, பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சிறு குழுக்களின் போட்டி. நான்காவது, ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுக்கும் நிறுவனம். இதில் ஒரு படி உடைந்தாலும் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறான். பெரிய அகாதெமிகள் மூன்றாவது படிக்கு மேல்தான் கைகொடுக்கும். கீழ்ப்படி இரண்டையும் அந்தந்தப் பேட்டை மக்கள்தான் கட்ட வேண்டும்.

புனே நகரத்துக்கு இது தெரியாத பாடமல்ல. பேட்டைக்கு ஒரு தாலீம், தெருவுக்கு ஒரு கிரீடா மண்டல் என்று வளர்ந்த ஊர் இது. கோகோ ஆட்டத்துக்கு 1914ல் விதி எழுதியதே இங்குள்ள டெக்கான் ஜிம்கானாதான்.

அயர்லாந்து சொல்லும் பாடம்

ஹாக்கிக்கு அண்ணன் முறையான ஆட்டம் ஒன்று அயர்லாந்தில் இருக்கிறது. பெயர் ஹர்லிங். ஆஷ் மரத்தில் செய்த அகன்ற நுனி மட்டை. பந்து தரையிலும் போகும், ஆகாயத்திலும் பறக்கும். 1884ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இதை நடத்துகிறது. 2018ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. டப்ளினில் இறுதிப் போட்டியைப் பார்க்க எண்பதாயிரம் பேர் கூடுவார்கள். ஆனால் ஆடுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது! ஆசிரியரும் விவசாயியும் வேலை முடிந்து வந்து ஆடுகிறார்கள்.

அந்த ஆட்டத்தின் வேர் ஊர்க்குழுவில் இருக்கிறது. நம்மூரில் கோயில் எல்லையைச் சொல்வது போல, அங்கே தேவாலயப் பங்கு எல்லைக்கு ஒரு குழு. அப்பா ஆடிய குழுவில் மகன் ஆடுகிறான், அத்தை பழக்குகிறாள், சித்தப்பா சட்டை துவைக்கிறார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிறிய திடல், குறைந்த ஆட்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஆட வாய்ப்பு என்று விதியே வைத்திருக்கிறார்கள். வெற்றி தோல்விக் கணக்கு அந்த வயதில் முக்கியமில்லை.

சிறு பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது

இந்த முறையின் காரணம் எளிது. ஹாக்கித் திடல் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பக்கத்துக்குப் பதினொரு பேர். எட்டு வயதுப் பிள்ளையை அதில் இறக்கினால் பந்து நாலு கெட்டிக்காரப் பையன்களிடமே சுற்றும். மற்றவன் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவான், அடுத்த வாரம் வரமாட்டான். அதே திடலை நாலாகப் பிரித்து ஐந்தைந்து பேராக விட்டால் ஒவ்வொருவர் மட்டையிலும் பந்து பலமுறை படும். பழக்கம் என்பது அதுதானே?

மட்டை பிள்ளையின் இடுப்பளவு உயரம் இருந்தால் போதும். "வளர்ற பையன்தானே" என்று பெரிய மட்டை வாங்கித் தருவது, பெரிய செருப்பைப் போட்டு ஓட விடுவது மாதிரி. ஹாக்கிப் பந்தின் எடை சுமார் 160 கிராம், கல் மாதிரி இருக்கும். முதல் ஆண்டில் டென்னிஸ் பந்து போதும். கெட்டிப் பந்துக்கு மாறும்போது முழங்காலுக்குக் கீழே காப்பு கட்டாயம். பந்தை மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே தொடலாம். அதனால் இடப்பக்கம் வரும் பந்துக்கு மணிக்கட்டைச் சுழற்றி மட்டையைத் திருப்ப வேண்டும். அந்தச் சுழற்சி சின்ன வயதில் கைக்கு வந்தால் நிலைக்கும்.

மண் தரையா, செயற்கைப் புல்தரையா என்ற கேள்வியும் வரும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து பெரிய போட்டிகள் மண்ணை விட்டுப் போய்விட்டன. மண்ணில் பந்து தாறுமாறாகத் துள்ளும். அதனால் பிள்ளை பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொள்ளக் கற்கிறான். செயற்கைத் தரையில் பந்து வேகமாக ஓடும். குனிந்த உடலும் விரைவான கண்ணும் வேண்டும். ஆரம்பத்துக்கு மண் போதும். பதின்மூன்று, பதினான்கு வயதில் செயற்கைத் தரைக்கு அழைத்துப் போயே ஆக வேண்டும். பிம்பிரி நேரு நகரில் தியான்சந்த் பெயரால் அப்படி ஒரு மைதானம் இருக்கிறது.

இன்றைய நிலை

மேலே சொன்ன நான்காவது படி மாறிவிட்டது. தன்ராஜுக்குப் பின்னாளில் வேலை தந்த இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனமே இன்று இல்லை. அது ஏர் இந்தியாவோடு இணைந்து, 2022ல் டாட்டாவிடம் போய்விட்டது. கட்கித் தொழிற்சாலையும் 2021ல் வாரியத்தின் கையை விட்டு அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் வந்தது. அப்பா வேலை, குடியிருப்பு, திடல், ஆட்டம் என்று ஒரே வளாகத்தில் அமைந்த வாழ்க்கை நம் அடுத்த தலைமுறைக்கு இல்லை. நாம் வாக்கட், ஹடப்சர் என்று மாடிக் குடியிருப்புகளில் சிதறி இருக்கிறோம். பிள்ளைங்க மாலையில் டியூஷனுக்குப் போறாங்க.

ஆனால் தாயகத்தில் ஒரு சிற்றூர் இன்னும் வழி காட்டுகிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பேர்போன ஊர். உள்ளூர்க் குழுக்களும் அகில இந்தியப் போட்டியும் பல காலமாக அங்கே ஆட்டத்தைக் காத்து வந்தன. பிறகு அரசின் விளையாட்டு விடுதியும் செயற்கைத் தரையும் சேர்ந்தன. அந்த ஊர் மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் 2022ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடி வெண்கலத்தோடு திரும்பினார்கள். முதலில் உள்ளூர்க் குழு, பிறகு அரசு உதவி. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

தங்கம் வாங்கித் தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நூறு பிள்ளை ஆடினால் தொண்ணூற்றெட்டுப் பேர் சாதாரணமாகத்தான் ஆடுவார்கள். அவர்களுக்கும் நல்ல உடம்பும், தோற்றால் மறுநாள் எழுந்து வரும் மனசும், தமிழ் பேச நாலு நண்பர்களும் மிஞ்சுவார்கள். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு இது சின்ன லாபமா?

வாரத்தில் இரண்டு மாலை, ஒரு பள்ளித் திடல். பழைய ஆட்டக்காரர் ஒருவர், துணைக்குப் பெற்றோர் இருவர். சாதாரண மர மட்டை சில நூறு ரூபாய்தான். இருபது மட்டை வாங்கிச் சங்கத்திலேயே வைத்தால், வளர்ந்த பிள்ளை விட்டதை அடுத்த பிள்ளை எடுத்துக்கொள்ளும். பெண் பிள்ளைகளையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். பக்கத்து மராத்திப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நமக்கு நிலம் தந்த ஊர் இது.

ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பரிசு தருகிறோம், நல்லது. அதே மேடையில், மழையிலும் தவறாமல் திடலுக்கு வந்த பிள்ளைக்கும் ஒரு பரிசு தருவோம். கைத்தட்டல் இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும்.