அமாவாசை பார்த்துப் புறப்படுவோம்



தோட்டத்து மக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பெரியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு நாள் உழைத்த பிறகு துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், உறவினரைப் பார்க்கவும் கிடைக்கும் நாள் அது. அந்த நாளையும், வண்டிக் கூலிக்கான வெள்ளியையும் பிள்ளைகளுக்காகச் செலவிட்டுச் சுற்றுலா போகிறோம் என்றால், அது வீணாகக் கூடாது அல்லவா?

நான் ஒருமுறை அப்படி ஒரு நாளை வீணாக்கியவன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூருக்குப் போனேன். பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல்நீர் ஏறிச் சேற்றை எல்லாம் மூடியிருந்தது. நண்டும் இல்லை, நாரையும் இல்லை. இரவில் மின்மினி பார்க்கப் படகில் ஏறினோம். வானத்தில் முழு நிலவு! மரங்களில் ஏதோ மினுக்கென்று தெரிந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பின்னால் இருந்த ஓர் அம்மா, “வாத்தியாரே, எங்க லயத்து விளக்கே இதைவிட நல்லா எரியுமே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு மின்மினியுடையது அன்று, நாள் பார்க்காமல் போன என்னுடையது.

ஆகவே, எப்படி நாள் பார்ப்பது என்பதை இன்று சொல்கிறேன்.

ரவாங்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூர் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பத்தாங் பெர்சுந்தை என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஊர்தான் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பக்காவ் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலக் காடு இருக்கிறது. அங்கே 1987ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்கா அமைக்கப்பட்டது. நீர்நாய், கொக்கு, நாரை, மீன்கொத்தி, குரங்கு எல்லாம் வாழும் இடம் அது.

முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். வடக்கே சைபீரியாவில் குளிர் தொடங்கும்போது உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் அங்கிருந்து புறப்படுகின்றன. சில நம் கடற்கரையில் தங்குகின்றன. சில இங்கே இரை தின்று இளைப்பாறி ஆஸ்திரேலியா வரை போகின்றன. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இவற்றைக் காணலாம். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்ரலிலும் நம் பக்கம் மழை அதிகம். மழை கொட்டினால் படகுப் பயணம் கெட்டுப்போகும். எனவே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை.

அடுத்தது நிலவு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். பௌர்ணமிக்குப் பிறகு நிலவு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதித்து எழுகிறது. ஆகையால் தேய்பிறைப் பஞ்சமிக்குப் பிறகு முன்னிரவு முழுவதும் இருட்டாக இருக்கும். அன்று தொடங்கி, அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள் வரை மின்மினிக்கு ஏற்ற நாட்கள். அதற்குள் வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கடல்நீர். மலாய்க்காரர் பாசாங் என்று சொல்லும் ஏற்றமும், சூருட் என்று சொல்லும் வற்றும் நம் கரையில் நாளுக்கு இரண்டு முறை வருகின்றன. நிலவைப் போலவே இவற்றின் நேரமும் நாள்தோறும் தள்ளிப்போகும். நீர் வற்றியிருக்கும்போது போனால் சேற்றின் மேல் வேடிக்கை பார்க்கலாம். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். பெலாச்சாக் என்னும் மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் துள்ளி ஓடும். பக்காவ் காட்டில் சில மரங்கள் மூச்சுவிடுவதற்காக வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும். நீர் மெல்ல ஏறத் தொடங்கும்போது, தூரத்தில் இரை தேடிய பறவைகள் கரையை நோக்கி நகர்ந்து வரும். ஆகையால் வற்றும் நேரம் எப்போது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்பப் புறப்படுங்கள். மீன்பிடிக்கும் கம்பத்து மக்களுக்கு அது விரல்நுனியில் இருக்கும்.

மாலையில் மலாவத்தி குன்றுக்கு ஏறலாம். அங்கே லுத்தோங் என்னும் சாம்பல்நிறக் குரங்குகள் உண்டு. அவற்றின் குட்டி பிறக்கும்போது மஞ்சள் கிழங்கு பூசியதுபோல் பொன்னிறமாக இருக்கும்! பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். ஆனால் கடலையும் ரொட்டியும் வாங்கிப் போடாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்க்கும் குரங்கு தன் காட்டு இரையை மறந்துவிடும்.

இருட்டிய பிறகு எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்போங் குவாந்தானுக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களின் இலைகளில் மின்மினிகள் அமர்ந்திருக்கும். ஆண் பூச்சிகள் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும். மரம் முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். டார்ச் விளக்கு, கைப்பேசி வெளிச்சம், சிகரெட், கொசு மருந்துப் புகை எதுவும் வேண்டாம். நீளக்கைச் சட்டை போட்டால் கொசுவுக்குப் போதும். பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அவர்களே வாயடைத்துப் போவார்கள்.

நேயர்களே, இனி நான் சொல்வதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். இந்த மின்மினி பிறப்பது மரத்தில் அன்று. தாய்ப்பூச்சி ஆற்றோரத்து ஈர மண்ணில் முட்டையிடுகிறது. புழு, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. நத்தை செத்தால் புழு இல்லை. மண் காய்ந்தாலும் புழு இல்லை. பெரெம்பாங் மரத்தை வெட்டினால் அமர இடமில்லை. அந்த மரமோ நல்ல நீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில்தான் செழிக்கும். அந்த நல்ல நீர் எங்கிருந்து போகிறது? ரவாங், செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங் ஆகிய ஊர்களின் ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்துதான் சிலாங்கூர் ஆறாகக் கடலுக்குப் போகின்றன. நம் லயத்துக்குப் பின்னால் ஓடும் தண்ணீரும் அதில் ஒன்று!

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் நம் தாய்மார்களுடையது. எந்த மருந்தை அடிப்பது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. ஆனால் பம்பையும் டின்னையும் ஓடையில் கழுவாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. கழுவும் இடம் தனியாக வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பதும் நம் உரிமை. அது மின்மினிக்கு மட்டும் அன்று, அதே ஓடையில் குளிக்கும் நம் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஏழைகளால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் சரணாலயம் உண்டு. அதன் அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டிய பறவைகள் அஞ்சக்கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. உலகிலேயே பெரிய வெப்பமண்டல ஈரநிலமான பிரேசில் நாட்டுப் பந்தனாலைப் பார்க்க, கடல் கடந்து வருகிறவர்கள் பலர். நமக்கோ ஒரு மணி நேரத்தில் ஓர் அற்புதம்!

நான் இரண்டாம் முறை அமாவாசைக்கு முன்நாள் போனேன். அதே அம்மா அன்றும் வந்திருந்தார். படகு திரும்பும் வரை ஒன்றும் பேசவில்லை. கரையில் இறங்கியதும், “நம்ம ஓடைத் தண்ணியா வாத்தியாரே இங்க வருது?” என்று மட்டும் கேட்டார். “ஆமாம்மா” என்றேன்.

நாள்காட்டியை எடுங்கள், அமாவாசையைப் பாருங்கள், பிள்ளைகளோடு புறப்படுங்கள்.