மௌனத்தின் காரணம்

1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் நகரில் மூண்ட கிளர்ச்சியை நவம்பர் 4-இல் சோவியத் டாங்கிகள் நசுக்கத் தொடங்கின. சூயெஸ் தாக்குதலை உடனே கண்டித்த பாரத அரசு, இங்கு வாய்திறக்கத் தயங்கிற்று. ஐக்கிய நாடுகள் மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை நவம்பர் 9-இல் எதிர்த்தும் வாக்களித்தது. ஏன்? அம்முறையை அங்கே ஒப்பினால், நாளை காஷ்மீரத்திலும் அதனையே கேட்பார்களன்றோ? பாதுகாப்புச் சபையில் சோவியத்தின் ரத்து அதிகாரமும் நமக்கு வேண்டியிருந்தது. 1957 பிப்ரவரி 20-இல் அது கிடைத்தது. இதனை அச்சமென்று இகழ்வாருளர். நான் கணக்கு என்பேன், இரக்கமற்ற கணக்கு. அது தேசிய எழுச்சியே என்று நேரு பின்னர் மக்களவையில் ஒப்புக்கொண்டார். அதற்குள் புடாபெஸ்ட் வீதிகளில் சண்டை ஓய்ந்துவிட்டது.