மாடியில பேனல் இருந்தும் கரண்ட் போனா வீடு ஏன் இருட்டாகுது?

இந்த எபிசோடுல ஆஃப்-கிரிட் சோலார் பத்திப் பேசலாம். அதாவது ஈ.பி. லைனை நம்பாம, நம்ம பேனல், நம்ம பேட்டரி, இந்த ரெண்டை வச்சே ஓடுற சின்ன சிஸ்டம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். மாடியில 3 கிலோவாட் பேனல் போட்டாச்சு, இனிமே கரண்ட் கட்டானாலும் கவலை இல்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலான வீடுகள்ல அது நடக்காது. 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல மானியத்தோட போடுறது கிரிட்டோட சேர்ந்து ஓடுற சிஸ்டம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் போன உடனே தானும் நின்னுடும். வெயில் கொளுத்தினாலும் சரி. இது கோளாறு இல்ல, வேணும்னே அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கம்பத்துல ஏறி வேலை செய்யுற லைன்மேன், லைன் செத்துப்போச்சுன்னு நம்பிக் கை வைப்பார். நம்ம பேனல் கரண்ட் அந்த நேரம் லைனுக்குள்ள போனா அவர் உயிருக்கே ஆபத்து.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. டெல்டா கிராமங்கள்ல பல இடத்துல வாரக்கணக்குல கரண்ட் வரல. அந்த மாதிரி நாள்ல நமக்கு வேணும்னு தோணுறது ஏ.சி. இல்ல. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், சார்ஜ் உள்ள ஒரு போன். ஆஃப்-கிரிட் பிளானை இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். எத்தனை வாட் பேனல் வாங்கலாம்ங்கிறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, நமக்கு எவ்வளவு கம்மியா இருந்தா போதும்?

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு எழுதிப் பெருக்குங்க. பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ரெண்டு ஃபேன் 10 மணி நேரம் ஓடினா 600 வாட்-ஹவர். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, 5 மணி நேரத்துக்கு 180. வைஃபை ரூட்டர் 10 வாட், 12 மணி நேரத்துக்கு 120. வீட்டுல உள்ள போன்களை சார்ஜ் பண்ண 60. மொத்தம் 960.

இதுல எல்லாரும் மறக்கிற ஒரு வரி இருக்கு: இன்வெர்ட்டர். எதுவுமே ஓடலைன்னாலும், சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே 10-லேர்ந்து 20 வாட் வரைக்கும் அது தின்னும். 15 வாட்னு வைங்க. 12 மணி நேரம் ஆன்ல இருந்தா 180. ஆக மொத்தம் 1,140. ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

இப்ப அதே ரெண்டு ஃபேனும் பழைய 75 வாட் ஃபேனா இருந்தா? 600 இருந்த இடத்துல 1,500 வந்துடும். ஃபேனை மாத்துற செலவு, அந்த வித்தியாசத்துக்கு வாங்க வேண்டிய பேட்டரி செலவை விடக் கம்மி. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரத்துல ஒரு யூனிட்டை முழுங்கிடும். அயர்ன் பாக்ஸ், மோட்டார் இதெல்லாம் இந்த லிஸ்ட்டுக்குள்ளயே வரக்கூடாது.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ரெண்டைத் தொடரா இணைச்சா 24 வோல்ட், 3,600 வாட்-ஹவர். ஆனா லெட்-ஆசிட் பேட்டரியை தினமும் அடி வரைக்கும் காலி பண்ணா சீக்கிரம் செத்துடும். பாதியைத்தான் எடுக்கணும். அப்போ கையில இருக்கிறது 1,800. இன்வெர்ட்டர்ல சூடா வீணாகுறதைக் கழிச்சா, வெயிலே இல்லாம நம்ம லிஸ்ட் ஒன்றரை நாள் ஓடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், விலைதான் முதல்ல கடிக்கும்.

கடைசியாத்தான் பேனல். தமிழ்நாட்டுல ஒரு நாள் வெயில், சராசரியா 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். சூடு, தூசி, வயர் எல்லாத்துலயும் போறதைக் கழிச்சா 540 வாட் பேனல் ஒண்ணு சுமார் 2,000 வாட்-ஹவர் தரும். நம்ம லிஸ்ட்டுக்குத் தாராளம். தெற்குப் பார்த்து, 10-லேர்ந்து 15 டிகிரி சாய்வா வைங்க. தென்னை மட்டை நிழல் ஒரு ஓரத்துல விழுந்தாலும் உற்பத்தி சட்டுன்னு குறையும். சார்ஜ் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகையா இருக்கணும். இந்தப் பேனல் 40 வோல்ட் பக்கம் வேலை செய்யும். விலை கம்மியான பி.டபிள்யூ.எம். அதை பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்துடும், மூணுல ஒரு பங்கு வீண்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில இந்தக் கணக்கு உடையும். அதுக்காக மூணு மடங்கு பேட்டரி வாங்காதீங்க. சர்வர்ல லோடு ஏறினா முக்கியமில்லாத சர்வீஸை முதல்ல நிறுத்துவோம் இல்லையா, அதே தான். ஒரு ஃபேன் 8 மணி நேரம், ரெண்டு பல்பு, போன் சார்ஜ், இன்வெர்ட்டர் 9 மணி நேரம் மட்டும்னு சுருக்கினா, அதே பேட்டரி மூணு நாள் தாங்கும். எதை முதல்ல அணைக்கணும்னு இப்பவே வீட்டுல பேசி முடிவு பண்ணிடுங்க.

நாமளே செய்யும்போது விளையாடக்கூடாத விஷயங்கள் மூணு. ஒண்ணு, பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும். டி.சி. பக்கம் டி.சி.க்குன்னு உள்ள எம்.சி.பி.தான். டி.சி.யில பொறி கிளம்பினா சுலபமா அணையாது. ரெண்டு, லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காத்தோட்டம் வேணும், பூஜை விளக்கு பக்கத்துல கூடாது. மூணு, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரால இன்வெர்ட்டர் கரண்ட்டை வீட்டு சாக்கெட்டுல குத்தவே குத்தாதீங்க. அது மீட்டர் வழியா தெரு லைனுக்குப் போகும். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் எந்த லைன்மேனுக்காகத் தானா நிக்குதோ, அவரைத்தான் நாம ஆபத்துல தள்ளுவோம். தனி வயரிங் இழுங்க, இல்லன்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி அந்த லிஸ்ட்டை மட்டும் எழுதுங்க. எழுதின பிறகு எதையெல்லாம் அடிச்சீங்கன்னு எனக்கு அனுப்புங்க.